அழகம்மாள் ஏறிய மலை

மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் பாத்திரம் வாங்கப் போயிருக்கிறேன், துணி தைக்கக் கொடுக்கப் போயிருக்கிறேன். அங்கே ஒரு வீட்டு மாடியறையில் 1896 ஜூலையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் திடீரென்று சாவு பயம் வந்து, தரையில் விறைத்துப் படுத்து, ‘செத்துப்போவது யார்?’ என்று தனக்குள்ளேயே பார்த்தான் என்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரியும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். இப்போது அதை ரமண மந்திரம் என்கிறார்கள். அலுவலகம் விட்டு வரும் வழியில் சில நாள் அங்கே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன். பக்தி என்று சொல்ல முடியாது. ஊரின் நடுவில் யாரும் என்னைக் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பையன் வெங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி ஆனவன், ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுப் போனான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டு, ஒரு சீட்டும் எழுதி வைத்தான். அதன் முதல் வரி ‘நான்’ என்று தொடங்கும். அடுத்த வரியிலேயே தன்னை ‘இது’ என்று எழுதுகிறான். கடைசியில் கையெழுத்து போடும் இடத்தில் பெயர் கிடையாது, வெறும் கோடு. மூன்று வரிக்குள் ஒரு ஆள் கரைந்து போவதைப் பார்த்துச் சிலிர்க்காதவர்கள் குறைவு.

எனக்கும் சிலிர்த்தது. ஆனால் கூடவே எரிச்சலும் வந்தது. யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறான் அல்லவா? அப்பா போய் நாலு வருடமாகியிருந்தது. அம்மா அழகம்மாள் மானாமதுரையில் இருக்கிறாள். ‘விசனப்பட வேண்டாம்’ என்று எழுதி வைத்தால் ஒரு அம்மா விசனப்படாமல் இருந்துவிடுவாளா?

இந்த எரிச்சலுக்குக் காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அத்தைக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் வேலை செய்யாது, பேச்சு குழறும். ராத்திரியில் ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். டிங், டிங், டிங். பன்னிரண்டரைக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. காலையில் எட்டேமுக்காலுக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும். என் கணவர் நல்ல மனிதர். நல்ல தூக்கமும் உள்ளவர்.

போன மாதம் ஒரு ராத்திரி, இரண்டாவது தடவை எழுந்து போனபோது, அந்த டம்ளரை எடுத்துக் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு வந்து படுத்தேன். அருமையாகத் தூங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் விரிப்பு, சேலை எல்லாம் நனைந்து காய்ந்திருந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைத்து, மாற்றி, துணியை ஊறப்போட்டுவிட்டு டம்ளரைப் பழைய இடத்தில் வைத்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த வாரம் நாத்தனார் வந்தார். “மூணு நாள் நான் பார்த்துக்கிறேன், எங்கயாவது போயிட்டு வா, மூஞ்சியப் பாரு” என்றார். எங்கே போவது? எனக்குத் தோன்றியது ஒரே ஊர்தான். அந்தப் பையன் போன ஊர். பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்து, விழுப்புரத்தில் இறங்கி, நடந்தும் கடுக்கனை அடகு வைத்தும் அவன் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். நான் ராத்திரி பஸ்ஸில் ஏறிக் கழுத்து சுளுக்கோடு விடியற்காலை இறங்கினேன்.

கிரிவலத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், நடந்தேன், உள்ளங்கால் கொப்பளித்தது. அதோடு விடுகிறேன். நான் தேடிப் போனது வேறு வழி. அந்த அம்மா வந்த வழி.

அது பவழக்குன்றில் தொடங்குகிறது. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே பாறைமேடாக நிற்கும் சின்னக் குன்று. ஆட்டோக்காரருக்கே இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. படியில் கோழிகள், ஒரு வீட்டு வாசலில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. மேலே கோயில் பூட்டியிருந்தது. பாறையில் உட்கார்ந்தேன். 1898 டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு இங்கேதான் வந்தாள். இரண்டு வருடம் பையன் எங்கே என்றே தெரியாமல் இருந்து, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தவள். சடைமுடி, அழுக்கு, வளைந்து வளர்ந்த நகம், கோவணம். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பலகாரம் செய்து எடுத்து வந்து, வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் அழுதாள். அவன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே தாங்காமல், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டுங்கள் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நிற்காது என்று எழுதிவிட்டு, ‘ஆகலின் மௌனமாய் இருக்கை நன்று’ என்று முடித்தான்.

எவ்வளவோ பெரிய வேதாந்தம். ஆனால் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தவள் அம்மா. மலையிறங்கி ரயிலேறி மானாமதுரைக்குத் திரும்பிப் போகும்போது அந்தப் பலகாரத் தூக்கு கனத்திருக்குமா, காலியாக இருந்திருக்குமா என்று நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு ரமணர் மேல் கோபம் அதிகமாகத்தான் ஆனது.

மறுநாள் காலை மலை ஏறினேன். ரமணாசிரமத்துக்குப் பின்னாலிருந்து கல் பாவிய பாதை ஒன்று, ரமணர் மலைமேல் இருந்த கந்தாசிரமத்துக்குப் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். என் கொப்பளத்துக்கு அது சரிப்படாது என்று செருப்போடு போனேன், ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வெறுங்காலில் என்னைத் தாண்டிப் போனார். முக்கால் மணி நேரத்தில் ஒரு திருப்பத்தில் சட்டென்று கீழே ஊர் விரிகிறது. பெரிய கோயிலும் கோபுரங்களும் பிரகாரங்களும் யாரோ தரையில் கோலம் போட்டதுபோலத் தெரிகின்றன. 217 அடி ராஜகோபுரத்தை மேலிருந்து குனிந்து பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது.

முதலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி விரூபாட்ச குகைக்குப் போனேன். ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த இடம். உள்ளே புழுக்கம், இருட்டு, விளக்கு ஒன்று. இங்கே வைத்துத்தான் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்டார். தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் கேட்டதற்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிற்பாடு ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம் ஆயின. எண்ணம் வந்தால் அதன் பின்னாலேயே ஓடாதே, ‘இது யாருக்கு வந்தது?’ என்று கேள், ‘எனக்கு’ என்று பதில் வரும், அந்த ‘நான்’ யார் என்று பார். அவ்வளவுதான் முறை. மந்திரம் கிடையாது, மூச்சுக்கணக்கு கிடையாது.

ஆபீஸ்காரர் கேட்டது என்றதும் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். கோபம் வந்தது. யாருக்கு? எனக்கு. எனக்கென்றால் யாருக்கு? ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறேனே, அந்த எனக்கு. டம்ளரை ஒளித்து வைத்த எனக்கு. அதற்கு மேல் போகவில்லை. முட்டி வலித்தது. பக்கத்தில் ஒருவர் லேசாகக் குறட்டை விட்டார். நடுவில் ஒரு நாலைந்து விநாடி, பதில் எதுவும் வராமல் கேள்வி மட்டும் நின்றதுபோல இருந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரைத் தூக்கமாகவும் இருக்கலாம்.

இந்தக் குகைக் காலத்தில் நடந்த இன்னொன்றுதான் என்னைக் குழப்பியது. 1914இல் அழகம்மாள் மகனைப் பார்க்க வந்தவள் கடும் ஜுரத்தில் விழுந்தாள். ஜன்னி கண்டது. ரமணர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அதோடு, அம்மாவின் ஜுரத்தைத் தீர்த்து வை என்று அருணாசலத்தைக் கேட்டுப் பாட்டும் எழுதினார். நடப்பது தடுத்தாலும் நிற்காது என்று எழுதிக் காட்டினாரே, அதே கை. ஜுரம் இறங்கியது. மேற்கொண்டு நான் அதைத் தத்துவத்தில் பொருத்திப் பார்க்கப் போவதில்லை. ஜுரமாகக் கிடக்கிற அம்மா முன்னால் யாருக்கும் கை சும்மா இருக்காது என்று மட்டும் தோன்றியது.

1916இல் அவள் ஊரை விட்டுவிட்டு மகனிடமே வந்துவிட்டாள். குகையில் இடமில்லாமல் எல்லோரும் மேலே கந்தாசிரமத்துக்குப் போனார்கள். வந்த புதிதில் மகன் மற்றவர்களோடு பேசுவார், அம்மா பேசினால் பதில் சொல்ல மாட்டார். அவள் குறைப்பட்டால், எல்லாப் பெண்களும் அம்மாதான், நீ மட்டுமா என்பாராம். கேட்க நன்றாக இருக்கிறது, பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இருந்தாலும் அவள் போகவில்லை. அடுப்பு மூட்டினாள். அதுவரை பிச்சையெடுத்து வந்ததைக் கலந்து தின்றவர்களுக்கு அவள் வந்தபின்தான் அங்கே சமையல் என்று ஒன்று வந்தது. ஆசாரம் பார்க்கிறவள். வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் கண்டால், ஐயோ மோட்சத்துக்குப் பெரிய தடையாச்சே என்று மகன் கேலி செய்வாராம். இதைப் படித்தபோது முதல்முறையாக அவர் எனக்கு மதுரைக்காரராகத் தெரிந்தார்.

கந்தாசிரமத்தில் தென்னைகள் இருக்கின்றன, சுனைத் தண்ணீர் விழும் சத்தம் இருக்கிறது, குரங்குகள் நிறைய இருக்கின்றன. என் பையிலிருந்து வாழைப்பழத்தை ஒன்று உருவிக்கொண்டு போய்ச் சுவர் மேல் உட்கார்ந்து, தோலை என்னைவிட நன்றாக உரித்தது. உள்ளே அழகம்மாளின் உயிர் பிரிந்த அறை. சின்னதுதான். 1922 மே 19. காலையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வலது கை அவள் நெஞ்சில், இடது கை தலையில். நடுவில் எழுந்திருக்கவில்லை. மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து, வாருங்கள் சாப்பிடலாம், தீட்டு இல்லை என்றார்.

அவளுக்கு அன்று விடுதலை கிடைத்தது என்பது ஆசிரமத்தாரின் நம்பிக்கை. எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணில் நின்றன. பன்னிரண்டு மணி நேரம் ஒரு கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் தோள் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அத்தையைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, தலையணை சரியாக அமரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடத்துக்கே எனக்குக் கை மரத்துவிடும். அந்த ஐந்து நிமிடத்திலும் நான் அங்கே இருப்பதில்லை. தூங்கியிருக்கலாமே என்ற கணக்கில் இருப்பேன். வலி கையில் கொஞ்சம், கணக்கில்தான் மிச்சம். இது அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன், ஒரு வடநாட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அம்மாவை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். ரமணர் மேலிருந்து அந்தச் சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்து, ஒருநாள் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். அப்படித்தான் இன்றைய ஆசிரமம் உருவானது. அந்தச் சமாதிமேல் கட்டிய மாத்ருபூதேசுவரர் சன்னதிக்கு 1949இல் கும்பாபிஷேகம். மறுவருடம் ஏப்ரல் 14 அன்று மகன் போய்ச் சேர்ந்தார், அவர் சமாதியும் ஒட்டியே இருக்கிறது. வருகிற கூட்டம் அநேகமாக அங்கேதான் சுற்றுகிறது. அம்மா சன்னதியில் நான் போன மத்தியானம் நானும் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்த குருக்களும் மட்டும். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தார்கள். தரையில் உட்கார்ந்து இலையில் சாம்பார், கூட்டு, மோர். முருங்கைக்காய் இல்லை.

திரும்பி வந்த ராத்திரி இரண்டரைக்கு டிங், டிங், டிங். எழுந்துபோய் வேலையை முடித்து, விபூதி பூசிவிட்டேன். அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. கதை கேட்டார். சொன்னேன்.

“அந்த அம்மா... பையன்... வீட்டுக்கு வந்தானா?”

“வரல அத்தை. அந்த அம்மாதான் கிளம்பிப் போயிட்டாங்க.”

“சோறு... போட்டானா?”

“எங்க? அந்த அம்மாதான் போய் எல்லாருக்கும் பொங்கிப் போட்டாங்க.”

அத்தை வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். சிரித்துக்கொண்டே டம்ளரைத் தடவி எடுத்து என் கையில் கொடுத்தார். தண்ணீர் வேண்டும் என்று நினைத்து நிரப்பிக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அலமாரி மேலே கையைக் காட்டினார்.

“நீ... தூங்கு.”

டம்ளரைக் கட்டிலில் அவர் கைப்பக்கத்திலேயே வைத்துவிட்டு, பாயை எடுத்து வந்து கீழே விரித்தேன்.