ஓட்ஸ் பிஸ்கட்

காலைப் பூசை முடிந்து வந்ததும் நான் எழுதும் கதையில் ஒரு பத்தியை அடித்து நீக்கிவிட்டேன். குடிகார அப்பா ஒரே இரவில் மனந்திரும்பும் இடம்.

எங்கள் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் அது பிடித்திருக்கும். ஆனால் பொய்.

அப்புறம் அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரின் ஜெபக் குறிப்பேட்டை எடுத்தேன். 1946-ல், 20 வயதில், அயோவாவில் படிக்கும்போது எழுதத் தொடங்கியது. அவர் இறந்து பல வருடம் கழித்து 2013-ல்தான் புத்தகமாக வந்தது.

நல்ல கதை எழுத வரம் கேட்கிறார். கடைசிப் பதிவிலோ, ஓட்ஸ் பிஸ்கட்டை அளவில்லாமல் தின்றதை ஆண்டவரிடம் ஒப்புக்கொள்கிறார்.

அந்த பிஸ்கட்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இவ்வளவு சின்ன விஷயத்தையே மறைக்காதவர் வாசகரிடம் எதை மறைப்பார்? அவர் கதைகளில் இறையருள் இதமாக வருவதில்லை. அடித்து உலுக்கிக்கொண்டு வருகிறது. லூபஸ் நோயோடு, ஜார்ஜியாவில் அம்மாவின் பண்ணை வீட்டில், காலைதோறும் உட்கார்ந்து எழுதியவர். 39 வயதில் போய்விட்டார்.

விசுவாசி என்பதற்காக நான் என் கதாபாத்திரங்களை அவசரமாக இரட்சித்துக்கொண்டிருந்தேன். அது ஆண்டவர் செய்கிற வேலை.

இப்போது அந்த அப்பா கோயில் வாசல்வரை வந்து நிற்கிறார். செருப்பைக் கழற்றுவாரா என்று எனக்கே தெரியவில்லை.