கடல் விலகிப்போன துறைமுகம்

ரோமில் கொலோசியமும், பழைய நகர மையமான ஃபோரமும் பார்த்து முடித்த பிறகும் மனசில் ஒரு குறை இருந்தது. பேரரசர்கள் கட்டிய வளைவுகளையும் கோயில் தூண்களையும் பார்த்தாயிற்று. அந்த ஊருக்கு மூட்டை சுமந்தவர்களும் மாவு அரைத்தவர்களும் எங்கே இருந்தார்கள்? அதைப் பார்க்கத்தான் மறுநாள் ரோமின் பழைய துறைமுக ஊரான ஓஸ்தியா அந்திகாவுக்குக் கிளம்பினோம்.

பிரமிதே மெட்ரோவை ஒட்டியிருக்கும் போர்த்தா சான் பாவ்லோ நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் அரை மணி நேரம். இறங்கி நடைமேம்பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வாசல்.

ஓஸ்தியா என்ற பெயர் லத்தீனில் வாய் என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் கழிமுகம் என்கிறோமே, அதேதான். டைபர் ஆறு கடலில் சேரும் இடத்தில், ரோமுக்குத் துறைமுகமாக இருந்த ஊர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் டெகுமானுஸ் மாக்ஸிமுஸ் என்ற பெரிய வீதியில், தேய்ந்த கருங்கல் பாளங்கள் மேல் நடந்தோம். இரண்டு பக்கமும் குடை பிடித்த மாதிரி பைன் மரங்கள். கூட்டமே இல்லை.

நெப்டியூன் குளியலகத்தின் தரையில் கடல் தெய்வம் குதிரைகளை ஓட்டிப் போகும் கருப்பு வெள்ளை மொசைக், அதாவது சிறு கல் துண்டுகளைப் பதித்துச் செய்த படம், இருக்கிறது. அழகுதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கும் வணிகர் சதுக்கம். நடுவில் ஒரு கோயிலின் மிச்சம், மூன்று பக்கமும் சுமார் 60 சிறு அறைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் மொசைக் படங்கள். இது சார்தீனியாவின் கல்யாரி ஊர்க்காரர்களுடையது, இது பிரான்சின் நார்போன்காரர்களுடையது என்று எழுத்தே சொல்கிறது. இன்றைய லிபியாவில் இருக்கும் சப்ராத்தா ஊர் வணிகர்கள் யானையைப் பதித்திருக்கிறார்கள். இன்னொன்றில் கலங்கரை விளக்கமும் இரண்டு கப்பல்களும். அதைவிட, தோளில் ஜாடியைச் சுமந்து ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒரு கூலியாள். நான் தேடி வந்த மனிதர் அவர்தான். வெயிலையும் மறந்து அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

அவர் தோளில் இருப்பது ஆம்போரா என்ற இரண்டு கைப்பிடி மண் ஜாடி. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ஓடுகளும் அந்த வகை ஜாடிகளுடையவைதான். கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடலையும் நைல் நதியையும் கடந்து அலெக்சாந்திரியா வந்து, அங்கிருந்து மறுபடி கப்பலேறி இத்தாலிக்குப் போனது. அந்தப் பாதையின் மறுமுனையில் நிற்கிறோம் என்ற நினைப்பே எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு மாவு ஆலை. கழுதைகள் சுற்றிச் சுற்றி இழுத்த எரிமலைக்கல் எந்திரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. இன்னொரு இடத்தில் கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய தாழிகள். எவ்வளவு கொள்ளும் என்று விளிம்பிலேயே எண் வெட்டியிருக்கிறார்கள். டயானா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை: பளிங்கு மேடை, வாசலில் கல் திண்ணை, சுவரில் தின்பண்டங்களின் ஓவியம். எதிரே மாடி வீடுகள். வாடகைக்கு இருந்தவர்கள் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நானும் சற்று உட்கார்ந்தேன்.

கடைசியில் கடல் வாசலுக்குப் போனோம். வாசல் இருக்கிறது, கடல் இல்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போய், இப்போது கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1557 வெள்ளத்தில் ஆறும் தடம் மாறிவிட்டது. இவ்வளவு பெரிய துறைமுகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்பது மனசைப் பிசைந்தது.

ஊர் திரும்பும் நாளில் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கினேன். ஓஸ்தியாவின் துறை போதாமல் பேரரசர் கிளாடியஸ் பக்கத்திலேயே புதுத் துறைமுகம் கட்ட, பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதற்குள் அறுகோணமாக ஒரு குளம் வெட்டினார். ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேல். விமானம் மேலே ஏறித் திரும்பியபோது கீழே அது தெரிந்தது. ஆறு பக்கமும் கோணாமல், நிறையத் தண்ணீரோடு.