பதினொரு வரியை நம்பிய உலகம்

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் டிபென்டன்சி (ஒரு நிரல் இயங்க வேறொருவர் எழுதிய நிரலை நம்பியிருப்பது) என்றால் என்னவென்று கேட்டால், நான் லெஃப்ட்-பேட் கதையைத்தான் சொல்வேன்.

2016 மார்ச் 22. அசெர் கோச்சுலு என்ற நிரலாளர் தன் நிரல் ஒன்றுக்குக் கிக் என்று பெயர் வைத்திருந்தார்; அதே பெயருள்ள செயலி நிறுவனத்தோடு அந்தப் பெயர் யாருக்கு என்று ஒரு தகராறு. ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரல்களைப் பகிரும் பொதுக் கிடங்கை நடத்தும் என்பிஎம் நிறுவனம் தன்னைக் கைவிட்டதில் கோபம் கொண்ட அவர், அங்கே வெளியிட்டிருந்த தன் நிரல்களை எல்லாம் ஒரேயடியாக நீக்கிவிட்டார். அதில் ஒன்றுதான் லெஃப்ட்-பேட். வெறும் 11 வரி. 5 என்று கொடுத்து, பூஜ்ஜியம் நிரப்பி மூன்று இலக்கமாகக் கேட்டால், இடப்பக்கம் நிரப்பி 005 என்று தரும். வேறொன்றும் தெரியாது அதற்கு!

ஆனால் புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும் பேபல் என்ற கருவி அதை நம்பியிருந்தது, அதுவும் நேரடியாக அல்ல, இன்னொன்றின் வழியாக. பேபலை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள். உலகெங்கும் திரையில் 404, அதாவது கேட்டது இங்கே இல்லை என்ற பிழைச் செய்தி. லெஃப்ட்-பேட் என்ற பெயரையே பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டது. வெளியிட்டு 24 மணி நேரம் கடந்தவற்றை நினைத்தவுடன் நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது. காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவரைத் திட்டியவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

2017-இல் ஜாவாஸ்கிரிப்டிலேயே இதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் என்ற வசதி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் லெஃப்ட்-பேடைத் தரவிறக்கியவர்கள் இருக்கத்தான் செய்தார்கள் என்பது வேறு கதை.