அடி இலை கருகினால்...

உப்புத் தண்ணி ஏறிய நெல் வயலில் அடி இலை நுனி கருகினதும் "பயிர் போச்சு"ன்னு கையை விரிச்சிடாதீங்க. குருத்தைப் பாருங்க, அது பச்சையா இருக்கா?

நெல் உப்பில் இருக்கிற சோடியத்தை எல்லா இலைக்கும் சமமாப் பங்கு வைக்கிறதில்லை. மேலே ஏறி வந்ததில் பெரும்பகுதியை இலையுறையிலும் முதிர்ந்த இலைகளிலும் தள்ளிவிட்டு, குருத்தையும் கதிரையும் முடிஞ்சவரை காப்பாத்திக்கும். வேண்டாத சாமானைப் பரணில் ஏத்துற மாதிரிதான்.

வங்கத்து நோனா போக்ரா நெல்லில் இதுக்கான ஒரு மரபணுவை 2005-ல் அடையாளம் கண்டாங்க. மேலே ஏறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடிச்சு இழுத்து, பக்கத்துச் செல்லுக்குள் திருப்பிவிடுறதுதான் அதன் வேலை. அது இருக்கிற குரோமோசோம் துண்டுக்கு சால்டோல்னு பேர்; அந்தப் பகுதியைக் கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து எடுத்துப் புது ரகங்களில் சேர்க்கிறாங்க.

பார்லி வேற ரகம்! உப்பை இலைக்குள்ளேயே விட்டு, செல்லுக்குள் இருக்கிற வாக்குவோல்ங்கிற நீர்ப்பையில் அடைச்சு வெச்சுட்டு வளரும்.

நெல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. புது இலை வர்றதைவிட அடி இலை வேகமாச் செத்தா அவ்வளவுதான்.

இலையைப் பரிசோதனைக்கு அனுப்புறவங்க எந்த இலைன்னு எழுதி அனுப்புங்க. குருத்தையும் அடி இலையையும் ஒண்ணா அரைச்சு வர்ற சோடியம் அளவை வெச்சு என்னத்தைச் சொல்ல?