போதை மீட்பு ஆலோசனையில் முதுகலை: ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்த அனுபவம்

டெக்ஸாஸில் போதை மீட்பு ஆலோசகராக வேலை பார்க்க முதுகலைப் பட்டம் கட்டாயம் இல்லை. டாலஸ் பக்கம் எங்கள் தமிழ்ச் சபையில் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பட்டமும் லைசென்ஸும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.சி.டி.சி என்ற போதை ஆலோசகர் லைசென்ஸுக்கு இரண்டு வருட அசோசியேட் டிகிரி போதும். அதோடு 270 மணி நேர வகுப்பு, 300 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, அப்புறம் ஒருவருடைய மேற்பார்வையில் 4,000 மணி நேர வேலை, கடைசியில் தேர்வு.

அப்படியானால் நான் ஏன் முதுகலைக்குப் போனேன்? குடியோடும் மாத்திரையோடும் வருகிறவர்களில் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம், சின்ன வயதில் பட்ட அடி என்று கூடவே இன்னொன்றும் இருக்கிறது. அதற்கும் சிகிச்சை தரும் உரிமை எல்.சி.டி.சி-க்குக் கிடையாது, எல்.பி.சி என்ற பொது ஆலோசகர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 60 கிரெடிட் முதுகலை, படித்து முடித்த பிறகு 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை. 'அடிக்ஷன் கவுன்சலிங்' என்ற பெயரிலேயே முப்பது சொச்சம் கிரெடிட்டில் முடிகிற படிப்புகளும் இருக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தச் சின்னப் படிப்பை வைத்துக்கொண்டு எல்.பி.சி-க்கு விண்ணப்பிக்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம். கல்லூரியைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் மாநில லைசென்ஸ் வாரியத்தின் விதிகளைப் படியுங்கள். ஆலோசனைப் படிப்புகளைச் சரிபார்க்கும் அமைப்பான காக்ரெப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் அதன் அருமை தெரியும்.

நான் சேர்ந்தது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். பெரும்பாலும் ஆன்லைன், நடுநடுவே வளாகத்துக்குப் போய்த் தங்கிப் படிக்கும் தீவிர வகுப்புகள். சேரும்போது அதிகம் இழுத்தடித்தது விசுவாச அறிக்கையோ பாஸ்டரின் சிபாரிசுக் கடிதமோ இல்லை, என்னுடைய பி.எஸ்சி பட்டம்தான். நம் ஊர் மூன்று வருடப் பட்டத்தை இங்கே எல்லாப் பல்கலைக்கழகமும் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பீட்டு நிறுவனத்துக்கு மார்க் ஷீட் அனுப்ப வேண்டும், அதுவும் பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். திருநெல்வேலியில் இருக்கும் என் தம்பி அதற்காக எத்தனையோ முறை அலைந்தான். கிரீன் கார்டு இருந்ததால் ஃபாஃப்சா என்ற படிவத்தின் மூலம் மத்திய அரசின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க முடிந்தது; விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை.

பாடத்துக்கு வருகிறேன். 'கிறிஸ்தவக் கண்ணோட்டம்' என்றால் வேத வசனம் சொல்லி மனம் திருப்பக் கற்றுத் தருவார்கள் என்றுதான் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். முதல் செமஸ்டரில் படித்ததோ மருந்தியல். எந்தப் பொருள் மூளையில் என்ன செய்கிறது, விட்டால் உடம்பு எப்படி எதிர்வினை காட்டும் என்பது. அதில் ஒரு விஷயத்தை நம் சபைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். ஹெராயினை விடும்போது படுகிற அவஸ்தை பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்த அவஸ்தையே உயிரை எடுப்பது அபூர்வம். சாராயம் அப்படி இல்லை. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடல் நடுக்கம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, நினைவு தடுமாறுவது என்று போய்ச் சாவிலும் முடியலாம். உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று 'இன்றோடு விட்டுவிட்டேன்' என்று ஒருவர் சொல்லும்போது நாம் அல்லேலூயா சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரியே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவும் ஒரு ஆள் வேண்டும். நான் படித்ததில் இதைவிட அவசரமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இறையியல் வகுப்பில் பெரிய விவாதம், போதைக்கு அடிமையாவது பாவமா நோயா என்பது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடையே இது பழைய சண்டை. மனநல மருத்துவத்தை ஒதுக்கி வேதத்தை மட்டுமே வைத்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 1970-இல் ஜே ஆடம்ஸ் ஆரம்பித்த இயக்கம் இன்றும் பல சபைகளில் பலமாக இருக்கிறது. எங்கள் பேராசிரியர் அந்தப் பக்கம் இல்லை, ஆனால் அதையும் நேர்மையாகப் படிக்க வைத்தார். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய இங்கே பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு போதைப் பழக்கத்துக்குக் கொடுக்கும் 11 அறிகுறிகளை ஒரு பக்கம் வைத்தோம். இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நாலைந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். இன்னொரு பக்கம் ரோமர் 7: 'நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்.' அளவுக்கு மேல் குடிப்பது, விட நினைத்தும் முடியாமல் போவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது என்று அந்தப் பட்டியலில் வருகிறவற்றைப் பவுல் தன் வாயாலேயே சொல்வதுபோல் இருந்தது எனக்கு. நோய் என்று சொல்வதால் மனிதனின் பொறுப்பு போய்விடுவதில்லை, பாவம் என்று சொல்வதால் டாக்டர் தேவையில்லை என்றும் ஆகிவிடாது. என் கட்டுரையில் இதைத்தான் எழுதினேன், இன்றும் அதுதான் என் நிலைப்பாடு.

குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பின் கதை அந்த வகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி. 1935-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் அதைத் தொடங்கிய பில் வில்சனும் டாக்டர் பாபும் சந்தித்தபோது இருவருக்குமே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்பு இருந்தது. பாவ அறிக்கை, ஈடு செய்தல், அடுத்தவருக்குச் சாட்சி சொல்லுதல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அப்படியிருந்தும் 1939-இல் குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளை அச்சில் போட்டபோது 'நாம் புரிந்துகொண்ட விதத்திலான கடவுள்' என்று கதவை அகலமாகத் திறந்துவிட்டார்கள். விசுவாசம் இல்லாத குடிகாரனும் உள்ளே வரட்டும் என்பதற்காக. 1991-இல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையில் ஜான் பேக்கர் தொடங்கிய செலிப்ரேட் ரிகவரி என்ற மீட்புத் திட்டம் மறுபடியும் இயேசுவின் பெயரை நடுவில் வைத்து, மலைப் பிரசங்கத்தின் பாக்கியவசனங்களிலிருந்து எட்டுக் கொள்கைகளை எடுத்தது. இரண்டிலும் குணமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரை எங்கே அனுப்புவது என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

உண்மையில் என்னை மாற்றியது நேர்காணல் பயிற்சி. வில்லியம் மில்லர் 1983-இல் ஒரு கட்டுரையில் ஆரம்பித்து, பிறகு ஸ்டீஃபன் ரால்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை இது, சுருக்கமாக எம்.ஐ என்பார்கள். சக மாணவர் ஒருவர் சிகிச்சைக்கு வந்தவராக நடிப்பார். பேசியதை ரெக்கார்ட் செய்து, வரி வரியாக டைப் அடித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது கேள்வியா, அறிவுரையா, அவர் சொன்னதையே புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னதா என்று குறிக்க வேண்டும். அப்படி ஒரு பதிவில் வந்த இடம் இது. குடித்துவிட்டு போலீஸில் பிடிபட்டவராக அவர் நடிக்கிறார், நடுவில் இருக்கும் வரி என்னுடையது.

'வாரக் கடைசியில மட்டும்தான் குடிக்கிறேன். என் மனைவிதான் பெரிசு பண்றா.'

'இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டையாகிவிடுகிறது.'

'சண்டைகூடப் பரவாயில்லைங்க. சின்னவன் இப்பல்லாம் என்கிட்ட வர்றதே இல்லை.'

மூன்றாவது வரிக்குக் கீழே பேராசிரியர் இரண்டு கோடு போட்டிருந்தார். 'அப்படியானால் போலீஸ் ஏன் பிடித்தது?' என்று இரண்டாவது வரியில் கேட்டிருந்தால் அவர் வாரக் கடைசிக் கணக்கைத்தான் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடியிருப்பார். மகனைப் பற்றிய அந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது. மாற வேண்டும் என்ற ஆசை அவருக்குள்ளேயே இருக்கிறது, அது அவர் வாயால் வரும்வரை இடம் விட வேண்டும். அந்த வாரம் தியானத்துக்குப் பேராசிரியர் கொடுத்தது யோவான் 5. முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்துக் கிடந்தவனிடம் இயேசு முதலில் கேட்டது 'சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா' என்று. ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்த பகுதி. அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. கிறிஸ்தவக் கண்ணோட்டம் என்று நான் படித்தது கடைசியில் இதுதான்: எதிரே இருப்பவரை ஜெயிக்க நினைக்காமல் உட்கார்ந்திருப்பது.

வகுப்பில் சூடு பறந்த இன்னொரு நாள், ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைப் பற்றிப் பேசியபோது. மறுவாழ்வு இல்லம் நடத்தும் ஒரு மாணவர், 'ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பது விடுதலையா?' என்று கேட்டார். நம் சபைகளிலும் இதே கேள்வி வரும். பதில் கணக்கில் இருக்கிறது. அதே வகை மருந்தான மெத்தடோனோ, புப்ரெனார்ஃபினோ எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சில வாரம் சுத்தமாக இருந்தவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் உடம்பு தாங்காது. அதுதான் ஆட்கள் செத்துப்போகும் நேரம். உயிரோடு இருந்தால்தானே மனம் திரும்ப முடியும்? 2022 கடைசியில் அமெரிக்க அரசு புப்ரெனார்ஃபின் எழுத டாக்டர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதியை எடுத்துவிட்டது. 2023-இல் ஹெராயின் போன்றவை அளவு மீறிப்போனவரைக் காப்பாற்றும் நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரேயைச் சீட்டு இல்லாமலே வாங்க அனுமதித்தார்கள். இரண்டையும் கேட்டபோது மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

செய்முறைப் பயிற்சி என்றால் முதலில் 100 மணி நேரம், அதில் 40 நேரடியாக ஆட்களோடு. பிறகு இன்டர்ன்ஷிப் 600, அதில் 240 நேரடி. இடத்தை நாமே தேட வேண்டும், அதுதான் கஷ்டம். கிறிஸ்தவ இல்லத்திலேயே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்த 1997-இல் டெக்ஸாஸ் சட்டம் விசுவாச அடிப்படையிலான இல்லங்களுக்கு மாநில லைசென்ஸிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. நான் விசாரித்த இல்லங்களில் அன்புக்குக் குறைவில்லை, மேற்பார்வைக் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள ஆலோசகர்தான் இல்லை. அதனால் அந்த மணி நேரம் கணக்கில் ஏறாது. கடைசியில் ஒரு பொது வெளிநோயாளர் மையத்தில் இடம் கிடைத்தது. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வந்துபோகும் தீவிரத் திட்டம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு நீதிமன்றம் அனுப்பியவர்கள் பாதிப் பேர். சிறுநீர்ப் பரிசோதனைக் கோப்பையின் பக்கவாட்டில் ஒரு வெப்பப் பட்டை இருக்கும். 90-க்கும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடையில் காட்டாவிட்டால் அது அப்போது எடுத்ததில்லை. அதைப் பார்க்கும்போது முகத்தில் சந்தேகம் காட்டாமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான்.

ஒரு நாள் குழு ஆலோசனை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் நின்றார். (அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.) குழந்தையைத் திரும்பப் பெறும் வழக்கு மறுநாள். 'நீங்க ஜெபிப்பீங்களா?' என்று கேட்டார். நம் நம்பிக்கையை அவர்கள் மேல் திணிக்கக் கூடாது என்பது ஆலோசகர் ஒழுக்க விதி. அவர்களே கேட்டால் என்ன செய்வது என்பதை மேற்பார்வையாளரோடு முன்பே பேசி வைத்திருந்தேன். எப்படிப்பட்ட ஜெபம் வேண்டும் என்று கேட்டேன். 'சும்மா கூட இருங்க, நானே பண்றேன்' என்றார். அவர் ஜெபித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததைக் குறிப்பில் எழுதினேன்.

படிப்பு முடிந்த பிறகு சபையில் ஒரு புது நிலைமை. 'அந்தத் தம்பி உங்க சென்டருக்கு வர்றாராமே?' என்று ஒரு அக்கா கேட்பார். 42 சி.எஃப்.ஆர் பகுதி 2 என்று ஒரு மத்தியச் சட்ட விதி இருக்கிறது; ஒருவர் போதைச் சிகிச்சைக்கு வருகிறார் என்பதையே, அவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய, நாங்கள் உறுதி செய்யவும் கூடாது, மறுக்கவும் கூடாது. கூடவே பாடுகிறவர்களுக்கும் கூடவே சாப்பிடுகிறவர்களுக்கும் நான் ஆலோசகராக இருக்க முடியாது. அதனால் சபைக் குடும்பங்களை வேறு ஆலோசகரிடம் அனுப்புகிறேன். குடிக்கிறவரின் மனைவி, அம்மாவுக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களைச் சொல்கிறேன். நம் பெண்கள் வெள்ளைக்காரர்கள் நடுவில் போய் உட்காரத் தயங்குகிறார்கள். முதல் தடவை கூடவே போய் வாசல்வரை விடுகிறேன்.

இப்போது எல்.பி.சி அசோசியேட்டாக அந்த 3,000 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சேர நினைக்கிறவர்கள் கல்லூரிக்காரர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்தப் படிப்பு என் மாநிலத்தில் எந்த லைசென்ஸுக்குச் செல்லும் என்று எழுத்தில் தருவீர்களா, பயிற்சி இடம் தேட யார் உதவுவார்கள், மருந்து மூலமான சிகிச்சையைப் பாடத்தில் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள். மூன்றாவதுக்கு வரும் பதிலிலேயே அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். ஊரிலிருந்து மார்க் ஷீட் வரவழைக்கும் வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், மற்றது எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.