கசப்புக் கோப்பியும் நம்ம சாயத்தண்ணியும்

கருத்துருக் கலை, அதாவது படத்தின் அழகைவிட அதன் பின்னால் உள்ள யோசனையே முக்கியம் என்கிற கலை, என்று பேச்செடுத்தாலே, அது கொழும்பில் ஏசி ரூமுக்குள் நடக்கிற விஷயம், மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளங்காது என்று முடித்துவிடுகிறார்கள். ஹட்டனில் தொழிற்சங்க வேலை பார்க்கும் ஒரு அண்ணனும் என்னிடம் இதையேதான் சொன்னார். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. இந்த வகைக் கலையில் நான் அதிகம் மதிக்கிற ஒன்று நடந்ததே ஒரு தொழிற்சங்கக் கட்டடத்துக்குள்தான், அதுவும் ஒரே பயிரை நம்பிக் கிடந்த ஜனங்களைப் பற்றி.

1966இல் ஆர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, தலைமையில் ஜெனரல் ஒங்கானியா. வடக்கே துகுமான் என்று ஒரு மாகாணம், நமக்குத் தேயிலை மாதிரி அவர்களுக்குக் கரும்பு. அங்கிருந்த சீனி ஆலைகள் பலவற்றை அரசாங்கம் மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையில்லாமல் பட்டினி கிடக்கும்போது, மறுபக்கம் புதுத் தொழிற்சாலைகள் வருகின்றன, மாகாணம் செழிக்கப்போகிறது என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 1968இல் ரொசாரியோ, புவனஸ் அயர்ஸ் நகரங்களின் ஓவியர்கள் சிலர் தூரிகையை வைத்துவிட்டு நேரே அங்கே போனார்கள். கலைத் திட்டம் ஒன்றுக்கு வந்திருக்கிறோம் என்று அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டு, தொழிலாளிகளிடமும் ஆசிரியர்களிடமும் பேட்டி எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், எந்த ஆலை எந்த முதலாளியுடையது, அவருக்கு யார் யாரோடு தொடர்பு என்றெல்லாம் தோண்டினார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஆண்டு நவம்பரில் ரொசாரியோவில், அரசாங்கத்தை எதிர்த்து நின்ற தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கட்டடத்தில், ‘துகுமான் எரிகிறது’ என்ற கண்காட்சியானது.

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். சுவர் முழுக்கப் புகைப்படங்கள், பத்திரிகைத் துண்டுகள், புள்ளிவிவரங்கள். ஆலை முதலாளிகளின் பெயர்கள் வாசல் தரையில், வருகிறவர்கள் அவற்றின் மேல் மிதித்துத்தான் உள்ளே போகவேண்டும். வந்தவர்களுக்குக் குடிக்கக் கோப்பி கொடுத்தார்கள், ஆனால் சீனி இல்லாமல். சீனி விளையும் ஊரைப் பற்றிய கண்காட்சியில் சீனி இல்லாத கோப்பி! அப்புறம் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கட்டடம் முழுக்க விளக்குகள் அணைந்து எரியும். துகுமானில் குழந்தைகள் எவ்வளவு நேரத்துக்கு ஒன்றாகச் சாகின்றன என்பதை அந்த இருட்டு சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்ததாக புவனஸ் அயர்ஸில் இதையே வைத்தபோது, மேலிடத்து நெருக்குதலால் உடனேயே மூடவேண்டி வந்தது.

இதில் தோட்டத்து ஆளுக்கு விளங்காதது எது? நல்ல கொழுந்தெல்லாம் ஏலத்துக்குப் போய், நாம் டஸ்ட் என்கிற மட்டமான தூளில் பால் இல்லாத சாயத்தண்ணி போட்டுக் குடிக்கிறோம். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஜனங்கள் பட்டினியால் செத்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். ஆனால் ஊர் உலகம் பார்க்கிற படத்தில் நாம் எப்போதும் கூடையோடு சிரித்துக்கொண்டுதான் நிற்கிறோம். தேயிலைப் பெட்டியில் அந்தப் படம், விமான நிலையத்தில் அந்தப் படம். 90களில் வந்த நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில்கூட கொழுந்து பறிக்கிற பெண்களையும் இரண்டு கிளிகளையும் போட்டிருந்தார்கள். அந்த நோட்டில் எத்தனை சேர்ந்தால் அந்தப் பெண்ணுடைய ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், ஆகும் என்று யார் கேட்டார்கள்?

நோட்டு என்றதும் பிரேசில் கலைஞர் சில்டோ மெய்ரெலெஸ் ஞாபகத்துக்கு வருகிறார். அங்கேயும் அப்போது ராணுவ ஆட்சிதான். 1970இல் அவர் திருப்பிக் கொடுக்கிற கொக்கக்கோலா போத்தல்களில் வெள்ளை எழுத்தில் வாசகங்களைப் பதித்து மறுபடி கடைக்கே அனுப்பினார். போத்தல் காலியாக இருந்தால் எழுத்து கண்ணில் படாது, கறுப்பாக நிரம்பினால் பளிச்சென்று தெரியும். 1975இல் விளாடிமிர் ஹெர்சொக் என்ற பத்திரிகையாளர் சாவோ பாவுலோவில் ராணுவக் காவலில் இறந்துபோனார், தற்கொலை என்றது ராணுவம். ‘ஹெர்சொக்கைக் கொன்றது யார்?’ என்று மெய்ரெலெஸ் ரூபாய் நோட்டுகளில், அதாவது அவர்களுடைய குருசெய்ரோ நோட்டுகளில், முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார். இதை எங்கள் அப்பாயிக்குச் சொன்னேன். காலமெல்லாம் மலையில் கொழுந்து எடுத்தவர், பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. கேட்டுவிட்டு உடனே சொன்னார்: “காச யாரு கிழிச்சுப் போடுவா? கையில வச்சிருந்தாத்தான பயம், கடையில குடுத்துட்டு வந்துரலாம்.” மெய்ரெலெஸ் போட்ட கணக்கும் அதேதான்.

நாம் ஒங்கானியாவின் கீழ் வாழவில்லை, அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை. ஆனால் அவசரகாலச் சட்டமும் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் உள்ள நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, வாயைத் திறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும். 1977 கலவரத்தில் மலையிலிருந்து வன்னிக்குப் போன நம் சனங்கள் அங்கே யுத்தத்துக்குள்ளும் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் 1983 செப்டம்பர் 21ஆம் தேதி புவனஸ் அயர்ஸில் நடந்ததை என்னால் தள்ளி நின்று படிக்க முடியவில்லை. மூன்று ஓவியர்கள் யோசனையைக் கொண்டுவந்தார்கள், பிந்திய ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அதை ஏற்றுக்கொண்டார்கள். வந்த ஜனங்கள் காகிதத்தின் மேல் படுத்து உடம்பின் வெளிக்கோட்டை வரையவைத்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகச் சுவர் சுவராக ஒட்டினார்கள். தாய்மார் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: உருவங்களைத் தரையில் போடக்கூடாது, நிற்கிற மாதிரிதான் ஒட்டவேண்டும். தரையில் போட்டால் பிள்ளை செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஓவியர்களுக்கு அந்த இடத்தில் பாடம் சொன்னவர்கள் அந்த அம்மாக்கள்தான்.

அதனால் அண்ணனிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். ஹட்டனில் ஒரு மண்டபம், சுவர் முழுக்க சம்பளத் துண்டுகள், பெயரும் இலக்கமும் மறைத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காசு மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி. அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், விழுந்த நாட்களுக்குத் தனிச் சுவர். வருகிறவர்களுக்கு டஸ்ட் தூளில் சாயத்தண்ணி. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, யோசிக்கிறார். நீங்கள் தோட்டத்தில் இருந்தால், வீட்டில் பழைய சம்பளத் துண்டு எங்காவது சொருகிக் கிடந்தால், தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள், எடுத்து வையுங்கள். 80கள், 90களின் துண்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது.