நாரி நோவுக்குச் சீன மசாஜ்: எனக்கு நடந்தது

மூன்று வருடமாக நாரி நோ, அடிமுதுகில் வலி. தையல் மெஷினில் குனிந்திருந்து வந்தது, பள்ளிக்கூடச் சீருடைக் காலம் முடிந்தால் போய்விடும் என்று விட்டால், சித்திரைச் சட்டை தைக்கும்போதும் அதே இடத்தில் அதே குத்தல். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போய் அள்ளி ஊற்றினேன், அன்றைக்கு மட்டும் சுகம். இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கட்டினேன். ஒருவர் திருகிச் சொடக்கெடுத்துவிட்டதில் 2 நாள் படுக்கையை விட்டு எழும்பவே முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் போனேன். காலைத் தூக்கச் சொன்னார், பெருவிரலை மடக்கிப் பார்த்தார், சலம் கழிப்பதில் ஏதும் கரைச்சலா, தொடை இடுக்கு மரத்துப்போகிறதா, காய்ச்சல் வருகிறதா, உடம்பு காரணமில்லாமல் மெலிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. 12 கிழமைக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோ, உங்களுக்கு ஒப்பரேஷன் எல்லாம் தேவையில்லை, நடக்க வேண்டும் என்றார். மசாஜ் செய்யலாமா என்று கேட்டேன். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் உடற்பயிற்சியோடு மசாஜும் இருக்கிறது, பெல்ட்டைத்தான் வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்கிறது என்றார். பெல்ட்டை அன்றைக்கே கழற்றி வைத்தேன்.

உப்புவெளிப் பக்கம் சீனாவில் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை துய்னா என்ற சீன மசாஜ் செய்கிறா என்று மச்சாள் சொன்னா. துய் என்றால் தள்ளுவது, நா என்றால் பிடிப்பது. எண்ணெய் பூசி உருவுவார்கள் என்று நினைத்துப் பழைய சட்டை போட்டுக்கொண்டு போனேன். எண்ணெயே இல்லை. உடுப்போடு குப்புறப் படுக்கச் சொல்லி, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்தா. புறங்கையின் சின்னவிரல் பக்கத்தை முதுகில் வைத்து மணிக்கட்டால் உருட்டினா, முன்னும் பின்னும், ஒரே தாளத்தில், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கல்லு மாதிரி இருந்த தசை மெல்ல மெல்ல இளகுவது எனக்கே தெரிந்தது.

அப்புறம் முள்ளந்தண்டிலிருந்து 2 விரல் தள்ளி, இடுப்பு மட்டத்தில் இரண்டு பக்கமும் பெருவிரலால் அழுத்தினா. அந்த இடத்துக்கு ஷென்ஷு என்று பேராம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். "அக்கா, நோகுதெண்டால் வாயால சொல்லுங்கோ. நீங்கள் இறுக்கினால் என்ர கைக்கு ஒண்டும் பிடிபடாது" என்றா. மசாஜ் செய்யப் போகிற எல்லாருக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்லுவேன். கடைசியில் முழங்கால் மடிப்பின் நடுவில் அழுத்தினா, வெய்ஜோங். நோ நாரியில், அழுத்துவது காலிலா என்று கேட்டேன். இடுப்புக்கும் முதுகுக்கும் அந்த இடத்தைத் தேடு என்று சீன வைத்தியத்தில் பழைய பாட்டே இருக்கிறதாம்.

அடுத்த நாள் அடி வாங்கின மாதிரி உடம்பு வலித்தது, பயந்துவிட்டேன். அது ஒரு நாளில் போனது. கிழமைக்கு 2 தரம் போனேன், நாலாம் தரத்துக்குப் பிறகு கிணற்றில் வாளி இழுக்கும்போது நாரியைப் பிடிக்காமல் இழுத்தேன், அதைக் கவனித்ததே வீட்டுக்காரர்தான், நான் இல்லை.

ஆனால் ஒரு மாதம் போகாமல் விட்டபோது நோ திரும்பி வந்தது. அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். "நான் இளக்கித்தான் விடுவன், இளகின உடம்பை நீங்கள்தான் நடக்க வைக்கோணும்" என்றா. இப்போது பின்னேரம் டச்சு பே கடற்கரையில் அரை மணித்தியாலம் நடக்கிறேன். ஸ்டூலை உயர்த்திப் போட்டிருக்கிறேன், ஒரு சட்டைக்குக் கை பூட்டி முடிந்ததும் எழும்பிக் கிணற்றடி வரை போய் வருவேன். மசாஜ் மாதத்துக்கு ஒருமுறை. நோ முழுக்கப் போகவில்லை, மழைக்காலத்தில் காலையில் கொஞ்சம் இருக்கும். ஆனால் இந்தமுறை சீருடை எல்லாம் நானே தைத்துக் கொடுத்தேன், ஒன்றையும் வெளியில் கொடுக்கவில்லை.